காலையில் ஓ.பி., மதியம் வகுப்பு, மாலையில் வீடு: ஆப்டோமெட்ரி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பார்வையை அளந்து கண்ணாடி பரிந்துரைக்கக் கற்றுத்தரும் ஆப்டோமெட்ரி படிப்பைப் பற்றி இப்பகுதியில் முன்பு எழுதிய ஒரு சிறு பதிலைப் படித்துவிட்டு, அப்படிப்பில் இருக்கும் மாணவ மாணவியரும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. கண் மருத்துவமனையின் ஓ.பி.யில் (வெளிநோயாளிப் பிரிவில்) நிற்கும் நேரம், கல்லூரி கேட்கும் நேரம், வீடு கேட்கும் நேரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதே பெரும்பாலான கடிதங்களின் பொருளாக இருப்பதால், இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி: பி.ஆப்டம் (ஆப்டோமெட்ரி இளநிலைப் பட்டம்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உசிலம்பட்டிக்கு அருகே உள்ள கிராமத்திலிருந்து தினமும் மதுரைக்குப் பேருந்தில் வந்து போகிறேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால்தான் ஏழரை மணி ஓ.பி.க்குப் போய்ச் சேர முடியும். பன்னிரண்டரை வரை ஓ.பி., ஒன்றரை முதல் நாலரை வரை வகுப்பு, வீடு திரும்பும்போது மணி ஏழாகிவிடும். அம்மா காட்டு வேலைக்குப் போய்வந்து களைத்திருப்பார். பாட்டி பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். இரவுச் சமையலும் பாட்டியைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். படிக்க நேரமே இல்லை. பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மங்குகிறது. சென்ற உள்மதிப்பீட்டுத் தேர்வில் பைனாகுலர் விஷன் (இரு கண்களும் சேர்ந்து பார்ப்பது பற்றிய) பாடத்தில் தோற்றுவிட்டேன். விடுதியில் சேரலாமா? அப்பாவுக்கு விருப்பமில்லை.
(மாணவி, மதுரை மாவட்டம்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "படிக்க நேரமே இல்லை" என்று எழுதியிருக்கும் நீங்கள், தினமும் ஐந்து மணி நேரம் ஓ.பி.யில் நிற்பதைப் படிப்புக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. இது உங்களுடைய தவறு மட்டுமன்று. மருத்துவமனையில் செய்வது வேலை, இரவில் மேசை விளக்கின் கீழ் செய்வதுதான் படிப்பு என்று பள்ளிக்கூடம் நம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டது. ஆப்டோமெட்ரியில் அந்தக் கணக்கு செல்லாது.

நீங்கள் தோற்ற பாடத்தையே எடுத்துக்கொள்வோம். மாலையில் தலைவலிக்கிறது, கணினியில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு நாளொன்றுக்கு ஓரிருவராவது உங்கள் முன் உட்காருவார்கள். பேனா முனையை அவர் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்து, எந்த இடத்தில் அது இரண்டாகப் பிரிகிறது என்று அளக்கிறீர்கள். ஆறு அல்லது ஏழு சென்டிமீட்டரில் பிரிய வேண்டியது பதினைந்திலேயே பிரிந்துவிட்டால், கண்கள் உள்நோக்கிக் குவியும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். அந்த அளவை, ஒரு கண்ணை மறைத்துக் கண்ணின் அசைவைப் பார்க்கும் கவர் டெஸ்ட்டில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் கண்டதோடு சேர்த்து, சட்டைப்பையில் அடங்கும் ஒரு அட்டையில், நோயாளியின் பெயரை எழுதாமல் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் அந்த ஒரே ஒரு நோயாளிக்குரிய பக்கங்களை மட்டும் படியுங்கள்; இடம் கிடைக்காவிட்டால் நின்றபடியே அந்த அளவுகளை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். காலையில் கண்ட ஒரு முகத்தோடு சேர்ந்து மனத்தில் ஏறிய பாடம் தேர்வு மண்டபத்தில் கைவிடுவதில்லை என்பதை என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பார்த்த நோயாளிகளைப் பதிந்துவைக்கும் லாக் புக். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்த நோயாளிக்குப் பாவை விரிய இருபது முப்பது நிமிடமாகும். அந்த நேரத்தில்தான் மாணவர்கள் கைப்பேசியை எடுக்கிறார்கள். அந்த நேரத்திலேயே அன்றைய கேஸை லாக் புக்கில் எழுதி, பொறுப்பு ஆசிரியரின் கையெழுத்தையும் வாங்கிவிட்டால், மாதக் கடைசியில் நாற்பது கேஸ்களை ஒரே இரவில் "உருவாக்கும்" அந்தக் கேவலமான சடங்கு உங்களுக்குத் தேவைப்படாது. அந்தச் சடங்கு நேர்மையானதன்று என்பது ஒருபுறமிருக்க, அது உங்களிடமிருந்து இரண்டு இரவுத் தூக்கத்தையும் பறித்துக்கொள்கிறது.

தூக்கத்தைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்டர்ன்ஷிப்பின்போது, வீட்டில் ஒருவர் நோயுற்றிருந்ததால் தொடர்ந்து மூன்று இரவுகள் சரியாகத் தூங்காமல் ஓ.பி.க்குப் போனேன். தையற்கடை வைத்திருந்த ஒருவருக்குப் பரிசோதனை செய்து, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் டிரையல் ஃப்ரேமில் எல்லாம் சரியாக வந்து, அவரும் கடைசி வரி வரை படித்துவிட்டார். பிளஸ் சிலிண்டரில் (சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் பவர் உள்ள லென்ஸ்) வந்த அளவை மைனஸ் சிலிண்டராக மாற்றிச் சீட்டில் எழுதும்போது பவரை மட்டும் மாற்றிவிட்டு அச்சை 90 பாகை திருப்பாமல் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துப் புதுக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அவர் திரும்பி வந்தார். "அம்மா, இதைப் போட்டால் ஊசிக்காதே தெரியவில்லை, என் பழைய கண்ணாடியே மேல்" என்று அவர் சொன்னபோது கோபம்கூட இல்லை அவர் குரலில், பத்து நாள் தையல் நின்றுபோன வருத்தம் மட்டுமே இருந்தது. லென்ஸை மாற்றிக் கொடுத்தார்கள். அதன்பின் சீட்டில் எழுதிய எண்ணை டிரையல் ஃப்ரேமில் இருக்கும் எண்ணோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்திட்டதில்லை. ஆகவே, இரவு பதினொரு மணிக்குமேல் நீங்கள் படிக்கும் அந்த நேரத்தை விட்டுவிடுங்கள். அதில் நீங்கள் பெறுவதைவிட மறுநாள் ஓ.பி.யில் இழப்பது அதிகம்.

இனி, கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகும் தம்பிக்கு வருவோம். பாலிடெக்னிக் படிக்கும் இளைஞன் மாலை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான், வந்தபின் என்ன செய்கிறான் என்பதை நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவும் இல்லை. பாட்டியைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கும் உலை வைப்பதற்கும் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அம்மாவிடம் "எனக்கு முடியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் "யாருக்குத்தான் முடிகிறது?" என்ற பதில் வரும், அதுவும் நியாயமான பதில்தான். "திங்கள், புதன், வெள்ளி இரவுச் சமையல் தம்பி, பாட்டிக்கு இரவு மருந்து கொடுப்பது எல்லா நாளும் தம்பி" என்று நாளும் வேலையும் குறித்துச் சொல்லுங்கள். முதல் வாரம் சோறு குழையும். குழையட்டும்.

விடுதியைப் பொறுத்தவரை, ஆண்டு முழுதும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பல்கலைக்கழகத் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கு மட்டும் தங்க இடம் கிடைக்குமா என்று விடுதிக் காப்பாளரிடம் கேளுங்கள். இதற்கு உங்கள் தந்தை இசைவது எளிது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவராக இருந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். வராவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் உடனே விசாரியுங்கள். அந்தப் பணத்தை ஆறு வாரத் தங்கலுக்கென்று சேர்த்து வைக்கலாம். யார் எந்தப் பிரிவில் நிற்பது என்ற போஸ்டிங் பட்டியல் போடுபவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். ஓ.பி. விடிந்ததும் தொடங்கினாலும் கான்டாக்ட் லென்ஸ், லோ விஷன் (பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவு) போன்ற பிரிவுகள் சற்றுத் தாமதமாகத் தொடங்கும் இடங்கள் உண்டு. தேர்வு மாதத்தில் அவற்றில் ஒன்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கேள்வி: முதலாண்டு படிக்கிறேன். மருத்துவப் படிப்பு கிடைக்காததால் இதில் சேர்ந்தேன். கல்யாண வீடுகளில் அப்பா என்னைக் "கண் டாக்டருக்குப் படிக்கிறான்" என்று அறிமுகப்படுத்துகிறார். சித்தப்பாவோ, "கண்ணாடிக் கடை வைக்க நாலு வருஷமா?" என்று சிரிக்கிறார். யாரைத் திருத்துவது?
(மாணவர், திருநெல்வேலி)

பதில்: இருவரையும் திருத்த வேண்டும், அப்பாவை முதலில். கண் மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று அதன்மேல் கண் மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர், கத்தி பிடிப்பவர். ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் பார்வையை அளந்து, கண்ணாடியும் கான்டாக்ட் லென்ஸும் பரிந்துரைத்து, மாறுகண், சோம்பேறிக் கண் (சிறுவயதில் பார்வை சரியாக வளராத கண்), பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் தந்து, நோயின் அடையாளம் கண்டால் உரிய மருத்துவரிடம் அனுப்புபவர். இல்லாத பட்டத்தை அப்பா சூட்டிவிட்டால், நாளை அந்தக் கல்யாண வீட்டிலிருந்து ஒருவர் சிவந்த கண்ணோடு உங்களைத் தேடி வந்து மருந்து கேட்பார். அப்போது சங்கடப்படப் போவது நீங்கள்தான்.

சித்தப்பாவுக்குக் கணக்கில் பதில் சொல்லலாம். மைனஸ் 6 பவர் உள்ள ஒருவருக்கு இரு பாவைகளுக்கும் இடையே 62 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அளக்காமல் குத்துமதிப்பாக 68 என்று வைத்து லென்ஸைப் பொருத்திவிட்டார். ஒவ்வொரு கண்ணுக்கும் 3 மில்லிமீட்டர், அதாவது 0.3 சென்டிமீட்டர் விலகல். அதை 6 ஆல் பெருக்கினால் 1.8, இரு கண்ணுக்கும் சேர்த்து 3.6 பிரிசம் டயாப்டர்; ஒளியை லென்ஸ் ஒரு பக்கமாகத் திருப்பும் அளவு அது. கண்ணாடியின் எண் சரியாகவே இருக்கும், ஆனால் அணிந்தவருக்குத் தலை கனக்கும், கண் இழுக்கும், தனக்கு ஏதோ பெரிய நோய் என்று ஸ்கேன் எடுக்கப் போவார். கண்ணாடிக் கடையில் இந்தக் கணக்குத் தெரிந்த ஒருவர் நிற்பது ஊருக்கு எவ்வளவு பெரிய நன்மை என்பதை உங்கள் சித்தப்பா உணரவில்லை. அவர் நாற்பத்தைந்தைத் தாண்டியவராக இருந்தால் செய்தித்தாளை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். விரைவில் அவரே உங்களிடம் வருவார்.

கூடுதலாக ஒன்று. சென்னையில் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985இல் தொடங்கியபோது இப்படிப்பின் பெயரை வீட்டில் சொல்லிப் புரியவைப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்று 2021ஆம் ஆண்டின் தேசிய அளவிலான துணைநிலை மருத்துவத் துறையினர் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்ட்டின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. கல்யாண வீட்டில் சட்டம் பேச வேண்டாம். உங்களுக்கே சந்தேகம் வரும் இரவுகளில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படித்தவள். ஆப்டிக்ஸில் (ஒளியியலில்) அரியர் விழுந்துவிட்டது. சூத்திரங்களை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் நிற்பதில்லை. வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் இருப்பதால் உட்கார்ந்து படிக்க மூலைகூட இல்லை.
(மாணவி, தஞ்சாவூர்)

பதில்: மூன்று தலைமுறையும் ஒரே கூடத்தில் இருப்பது ஆப்டிக்ஸ் படிப்பவருக்குக் கிடைத்த பரிசு. எந்தச் சூத்திரமும் வேண்டாம். 100ஐச் சென்டிமீட்டரால் வகுத்தால் டயாப்டர், அதாவது லென்ஸின் பவர், வரும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். தாத்தா வாசிக்கும் தூரம் 40 சென்டிமீட்டர் என்றால் அவருக்குத் தேவைப்படுவது 2.50. அப்பா கைப்பேசியைக் கை நீளத்துக்கு, 50 சென்டிமீட்டரில் பிடிக்கிறார் என்றால் அவர் கண் இன்னும் 2 டயாப்டர் வரைக்கும் சமாளித்துக்கொண்டிருக்கிறது, அல்லது சமாளிப்பதாக நடிக்கிறது. மைனஸ் 4 போட்டிருக்கும் அக்கா கண்ணாடியைக் கழற்றினால் 25 சென்டிமீட்டருக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் மங்கல். அதனால்தான் படுத்துக்கொண்டு முகத்தருகே புத்தகம் வைத்துக் கண்ணாடி இல்லாமலேயே வாசிக்கிறாள். ரெட்டினோஸ்கோபியில் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு பவரைக் கணிக்கும் முறை) 66 சென்டிமீட்டரில் உட்கார்ந்து 1.50ஐக் கழிக்கிறீர்களே, அதுவும் இதே வகுத்தல்தான்.

நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் கொண்டுவந்த எழுத்து அட்டையையும் இப்படியே பாருங்கள். இயல்பான பார்வைக்குரிய 6/6 வரியின் எழுத்து, ஆறு மீட்டர் தூரத்தில் கண்ணுக்கு 5 நிமிடக் கோணத்தை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கே ஒரு நிமிடம்) உண்டாக்க வேண்டும் என்பதே அதன் அளவை முடிவு செய்கிறது. கணக்கிட்டால் எழுத்தின் உயரம் ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் வரும். 6/60 எழுத்து அதைப்போல் பத்து மடங்கு. ஓ.பி.யில் தினமும் பார்க்கும் அட்டையின்மீது ஒருநாள் அளவுகோலை வைத்துப் பாருங்கள். அதன்பின் அந்த எண் உங்களை விட்டுப் போகாது. மூலைக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. தஞ்சாவூரில் நூலகங்களுக்குக் குறைவில்லை.

கேள்வி: ரெட்டினோஸ்கோப்பில் மற்றவர்களுக்கெல்லாம் தெரியும் ஒளி எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஓ.பி. கூட்டத்தில் நின்று பழக நேரம் தரமாட்டார்கள். வீட்டில் உள்ளவர்களிடம் பழகலாமா? பாட்டிக்குப் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை.
(இரண்டாமாண்டு மாணவர், சேலம்)

பதில்: பாட்டியின் கண்ணில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் குறை உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம்; பாட்டியின் கண்ணில் புரை முற்றியிருக்கலாம். நீங்கள் அனுப்பும் ஒளி விழித்திரைக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் பாவையில் அந்தச் செம்மஞ்சள் பட்டை ஓடும். நடுவில் திரை விழுந்திருந்தால் எப்படி ஓடும்? பாட்டியைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சிக்கென்று தேர்ந்த முதல் ஆளிடமே நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், அதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டில் பழகுவதை நான் வரவேற்கிறேன். கருவி கல்லூரியுடையதாக இருந்தால் அனுமதி பெற்று எடுத்துச் செல்லுங்கள். பாவை பெரிதாக இருக்கும் இளையவர்களிடம், தங்கையிடமோ சித்தி மகனிடமோ தொடங்குங்கள். அறையை இருட்டாக்கி, எதிர்ச் சுவரில் ஒரு சிறு விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கருவியையோ கைப்பேசியையோ அவர்கள் பார்த்துவிட்டால் கண் கிட்டத்துக்குக் குவிந்து, இல்லாத மைனஸ் (கிட்டப்பார்வை) தோன்றும். பட்டை மங்கலாகவும் மெதுவாகவும் நகர்ந்தால் சரியான பவரிலிருந்து நீங்கள் இன்னும் நெடுந்தூரத்தில் இருக்கிறீர்கள். பளிச்சென்று வேகமாக நகர்ந்தால், பட்டை நகராமல் பாவை முழுதும் ஒளிரும் சமநிலையை நெருங்கிவிட்டீர்கள். உங்கள் ஒளியுடன் நகர்கிறதா எதிர்த் திசையில் நகர்கிறதா என்று பார்ப்பதற்கு முன் இந்த வேகத்தையும் வெளிச்சத்தையும் பார்க்கப் பழகுங்கள். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். நாளுக்கு நான்கு கண் போதும். நூறாவது கண்ணைத் தாண்டும்போது உங்கள் மணிக்கட்டு தானாகவே திரும்பும்.

இரண்டு எல்லைகளை மட்டும் தாண்டாதீர்கள். வீட்டில் கண்ட எண்ணை வைத்து யாருக்கும் கண்ணாடி செய்யச் சொல்லாதீர்கள். பாவை விரியும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. வயதானவர்களில் சிலருக்குக் கண்ணின் முன்கோணம் குறுகியிருக்கும். அவர்களுக்கு அந்த மருந்தை விட்டால் கண் அழுத்தம் திடீரென்று ஏறி ஓரிரு நாளில் பார்வை போகும் ஆபத்து உண்டு.

கேள்வி: நாளை மறுநாள் உள்மதிப்பீட்டுத் தேர்வு. பாவையை விரிக்கும் சைக்ளோபென்டோலேட் சொட்டு மருந்தை விட்டுப் பழக என் கண் வேண்டும் என்று தோழி கேட்கிறாள். கொடுக்கலாமா?
(மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: தேர்வு முடிந்த அன்று மாலை, ஆசிரியர் உடனிருக்கையில் கொடுங்கள். அந்த மருந்தின் விளைவு முழுதும் நீங்க ஒரு நாள் ஆகலாம். அதுவரை கிட்டத்து எழுத்து உங்களுக்குத் தெரியாது. அட்ரோபின் என்றால் வாரக்கணக்கில் தெரியாது. ஸ்கூட்டியையும் அன்று தோழியே ஓட்டட்டும்.

கேள்வி: மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே குறைவு. கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ஓ.பி.க்குப் போகலாமா?
(மாணவர், சென்னை)

பதில்: கூடாது. இந்தக் கண்வலி பார்வையால் ஒட்டிக்கொள்வதில்லை, கையால் ஒட்டிக்கொள்கிறது. எனவே கறுப்புக் கண்ணாடி எவரையும் காப்பாற்றாது. கண்ணைத் தேய்த்த விரலால் நீங்கள் தொடும் டிரையல் ஃப்ரேம், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப்பின் தாடைப் பலகை, கண் அழுத்தம் பார்க்கும் கருவியின் நுனி ஒவ்வொன்றும் அடுத்த நோயாளிக்கு அதைக் கொண்டுபோகும். அவர்களில் புரை அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவரும் இருப்பார். கண்ணீர் வடிவதும் சிவப்பும் முற்றிலும் நிற்கும் வரை வீட்டில் இருங்கள். துண்டு, தலையணை உறை, சோப்பு எல்லாம் தனியாக இருக்கட்டும். மருத்துவரின் சான்றிதழை வாங்கிப் பொறுப்பு ஆசிரியரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கண்ணைப் பற்றிக் கற்றுத்தரும் கல்லூரி, கண்வலி வந்தவனை வராதே என்று சொல்லத் தயங்கினால் அது வெட்கக்கேடு.

கேள்வி: திருமணமாகி இரண்டு வயதுக் குழந்தையோடு இன்டர்ன்ஷிப் செய்கிறேன். மாமியார்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்; மாலை ஆறைத் தாண்டினால் பேச மாட்டார். ஸ்டைபண்ட் கிடையாது என்பதால் "சம்பளமில்லாத வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை முகாமும் வேண்டுமா?" என்று கணவர் கேட்கிறார். இரண்டாவது குழந்தையைப் பற்றியும் பேச்சு தொடங்கிவிட்டது. ஆறு மாதம் நிறுத்தி வைத்துப் பிறகு தொடரலாமா?
(மாணவி, ஈரோடு)

பதில்: வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய, நடுவில் நிறுத்தாதீர்கள். ஏட்டுப் படிப்பை ஆறு மாதம் கழித்துத் தூசி தட்டி எடுத்துவிடலாம். கைப்பழக்கத்தை அப்படி எடுக்க முடியாது. நின்று போனவர்களில் திரும்பி வந்தவர்களையும் எனக்குத் தெரியும், திரும்பாதவர்களையும் தெரியும், பின்னவர்களே அதிகம்.

உங்கள் கணவரின் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஓராண்டு முழுக்க ஓ.பி.யைத் தாங்கிப் பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பேருந்துச் செலவுக்குக்கூடப் பணம் தராத இடங்கள் இருப்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. ஆனால் அதற்கான தண்டனையை நீங்கள் ஏன் அனுபவிக்க வேண்டும்? இந்த ஆண்டு முடிந்தால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் சம்பளம் என்பதை மாதக் கணக்கோடு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் ஆண்களுக்குக் கொஞ்சம் பொறுமை வருகிறது.

மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வயதுக் குழந்தையின் பின்னால் பத்து மணி நேரம் ஓடியவருக்கு மாலை ஆறுக்குமேல் பேச்சு வராதது இயல்பு. ஓ.பி. நெரிசலில் உங்களால் ஆறுக்கு வர முடியாத நாள்கள் எவை என்று உங்களுக்கு முன்பே ஓரளவு தெரியும். அவற்றை வாரத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், அந்த நாள்களில் கணவர் முன்னதாக வரட்டும். ஒரு நாள் மாமியாரையே உங்கள் ஓ.பி.க்கு அழைத்துச் செல்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தம் பார்த்துக்கொள்வது எப்படியும் நல்லது. வரிசையில் உட்கார்ந்து, மருமகளை "அம்மா, அம்மா" என்று முதியவர்கள் அழைப்பதையும், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு ஆங்கில 'E' எழுத்து அட்டையைக் காட்டி, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லி நீங்கள் பார்வை அளப்பதையும் அவர் ஒருமுறை பார்த்துவிட்டால், ஆறேகால் மணிக்கு வீட்டில் நடக்கும் பேச்சு மாறக்கூடும். உறுதி சொல்ல மாட்டேன். என் மாணவி ஒருத்திக்கு மாறியது.

இரண்டாவது குழந்தையைப் பற்றி முடிவெடுப்பது நீங்கள் இருவரும்தான். கருவுற்றால் படிப்பு போய்விடும் என்ற அச்சத்தில் மட்டும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் தரும் விதிகளை வகுக்குமாறு 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்னவென்று எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக ஜன்னலில் வாய்மொழியாகக் கிடைக்கும் "பார்த்துக்கலாம்மா" என்ற பதிலை நம்பி இருக்காதீர்கள்.

உங்கள் குழந்தைக்கு மூன்று வயது ஆகும்போது ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் சோம்பேறிக் கண் பார்த்துவிட்டுத் தம் குழந்தையை விட்டுவிட்ட எங்கள் துறையினர் பலரை நான் அறிவேன். ஏழெட்டு வயதைத் தாண்டிவிட்டால் அதைச் சரிசெய்வது கடினமாகிவிடுகிறது.

கேள்வி: என் மகள் சென்னையில் விடுதியில் தங்கி ஆப்டோமெட்ரி படிக்கிறாள். பகலில் எத்தனை முறை அழைத்தாலும் போனை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டால் "கேம்ப்" என்கிறாள். அவள் பாட்டனாரின் முதலாண்டுத் திதிக்கும் வரவில்லை. உண்மையிலேயே ஞாயிற்றுக்கிழமை அத்தனை வேலை இருக்குமா? தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றால் மன்னிக்கவும்.
(ஒரு தாய், விருதுநகர்)

பதில்: தப்பாக ஒன்றும் கேட்கவில்லை அம்மா. இருக்கும். கூலி வேலைக்குப் போகும் மக்கள் வார நாளில் கண்ணைக் காட்ட வரமாட்டார்கள் என்பதால் முகாம்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கின்றன. விடியற்காலையில் வேனில் ஏறினால், ஏதோ ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கரும்பலகை ஆணியில் எழுத்து அட்டையை மாட்டி, ஆறு மீட்டரைக் கயிற்றால் அளந்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு உட்கார வேண்டும். மதியம் வரை தலை நிமிர முடியாது. புரை இருப்பவர்களைத் தனியாகப் பிரித்து, அறுவைக்கு அழைத்துச் செல்லப் பெயர் எழுதி, வரத் தயங்கும் பாட்டிகளிடம் கெஞ்சி, விடுதிக்குத் திரும்பும்போது இருட்டிவிடும். ஓ.பி. நேரத்தில் அவள் போனை எடுக்காததும் சரிதான். இருட்டறையில் ஒருவரின் கண்ணுக்கு எதிரே ஒளியைப் பிடித்துக்கொண்டிருப்பவள் எப்படி எடுப்பாள்?

ஆனால் திதிக்கு வராதது வேறு செய்தி. அதை முகாமின் மேல் போட்டுவிட்டு நான் அவளுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். முகாம் பட்டியல் பொதுவாக முன்கூட்டியே மாணவர்களுக்குத் தெரிந்துவிடும். தாத்தாவின் திதி இன்ன தேதி என்று சொல்லி வேறொருத்தியோடு நாளை மாற்றிக்கொண்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டிருப்பாள், அல்லது கேட்டு மறுத்திருப்பார்கள். எது என்று அவளிடமே கேளுங்கள், ஆனால் பகலில் கேட்காதீர்கள். இரவு எட்டரைக்கு மேல், அவள் சாப்பிட்ட பிறகு அழையுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கான வீட்டு விசேஷங்களின் தேதிகளை ஒரு தாளில் எழுதி இப்போதே அவளுக்கு அனுப்பி வையுங்கள். அவற்றில் எந்த இரண்டுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்பதையும் நீங்களே கோடிட்டுக் காட்டிவிடுங்கள்.